அதுக்கு அங்க யாரைத் தெரியும்?

"தாத்தாவோட புற்று இடுப்புக்குப் போயிடுச்சுன்னு சொல்றீங்களே டாக்டர், அதுக்கு அங்க யாரைத் தெரியும்?"

கேட்டது பட்டாணி. உயரத்தைப் பார்த்து வைத்த பட்டப்பெயர். மருத்துவரின் மேசை விளிம்பில் மோவாயை வைத்துக்கொண்டு, ஊருக்குப் போன உறவுக்காரரைப் பற்றி விசாரிப்பதுபோல் கேட்டாள். அவளுடைய அம்மா பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தாள். தாத்தா மட்டும் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்ததில் இடுப்பு வலித்தது. அதற்கும் சேர்த்துச் சிரித்தார்.

தாத்தா பள்ளிக்கூட வேன் ஓட்டியவர். பிள்ளைகளுக்கு அவர் ஹாரன் தாத்தா. ஹாரனை அவர் தொடவே மாட்டார் என்பதால் வந்த பெயர் அது. தேவைப்படும் இடத்தில் வேனுக்குள் இருக்கும் பிள்ளைகளே "பீப் பீப்" என்று கத்துவார்கள். இடுப்பு வலி வந்த பிறகு மருமகன் ஓட்டினார். தாத்தா பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பிள்ளைகளை வீட்டு வாசலில் இறக்கிவிட்டார்.

மருத்துவர் கேள்வியைத் தள்ளிவிடவில்லை.

"ஒழுங்கான செல் பக்கத்து செல்லோட கையைப் பிடிச்சுக்கிட்டு இருந்த இடத்துலயே இருக்கும்மா. எப்படி நடந்துக்கணும்னு அதுக்குச் சொல்லிக் கொடுக்கிறது உள்ள இருக்கிற மரபணுக்கள். அதுல ஒண்ணு மாறினா கையை விட்டுடும். இன்னொண்ணு மாறினா ரத்தத்துல அடிச்சுக்கிட்டுப் போனாலும் சாகாது. வேறொண்ணு மாறினா எலும்புல போய் ஒட்டிக்கிட்டு, அங்க இருக்கிற செல்லுங்களையே தனக்குச் சாப்பாடு போட வச்சுடும்."

"அப்ப யாரையும் தெரியாமதான் போயிருக்கு," என்றாள் பட்டாணி. "போன இடத்துல பழகிக்கிச்சு."

"யாரு பேத்தி!" என்றார் தாத்தா.

மருத்துவர் தாத்தாவின் மகளைப் பார்த்துப் பேசினார். "இதுவரைக்கும் போட்ட ஊசி இனிமே கேக்காது. முதல்ல புற்று வந்த புராஸ்டேட் சுரப்பியில எடுத்த சதை ஆய்வகத்துல பத்திரமா இருக்கு. அதுல மரபணுவைப் பாக்கச் சொல்றேன். செல்லுக்குள்ள பழுது பாக்குற மரபணுன்னு உண்டு. அது கெட்டுப்போயிருந்தா நமக்கு நல்லது. அதுக்குன்னே மாத்திரை இருக்கு. கெடலைன்னா கடுமையான மருந்து ஏத்தணும். அப்பாவோட இதயம் அதைத் தாங்குமான்னுதான் யோசிக்கிறேன்."

"மெக்கானிக் கெட்டுப்போனா வண்டிக்கு நல்லதுன்னு இன்னிக்குத்தான் கேள்விப்படறேன்," என்றார் தாத்தா. மகள் சிரிக்கவில்லை.

ஆய்வகத்தில் சதையை மெழுகில் பதித்து, காற்றில் பறக்கும் அளவு மெல்லியதாகச் சீவும் வேலை ஒரு பெண்ணுடையது. அவளுடைய மகளும் அதே வேனில்தான் போய்வந்தாள். வீட்டில் வேறு யாரும் இல்லை. அம்மாவுக்கு வேலை முடியத் தாமதமாகும் நாட்களில், பூட்டிய வீட்டு வாசலில் தாத்தாவும் அந்தக் குழந்தையும் மதில்மேல் உட்கார்ந்து, போகிற வருகிற நாய்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டிருப்பார்கள். அவள் மூச்சிரைக்க வந்து மன்னிப்புக் கேட்டால், "எனக்குக் கால் நீட்ட ஒரு சாக்கும்மா" என்பார். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. இதற்கு நான் என்ன கைம்மாறு செய்துவிட முடியும் என்று அவள் பிரார்த்தனை நேரத்தில் நினைத்துக்கொள்வாள்.

அவரது மெழுகுக் கட்டி அவள் கைக்கு வந்தது. மேலே எண் மட்டும்தான். ஆனால் தாத்தாவுக்கு மரபணு பார்க்கப்போவதாக மருமகன் சொல்லியிருந்தார்; அந்த வாரம் அப்படி வந்தது ஒன்றே ஒன்று என்பதால் யாருடையது என்று புரிந்துவிட்டது. காட்டிக்கொள்ளவில்லை. புற்று எங்கே இருக்கிறது என்று ஆய்வகத்து டாக்டரம்மா, முன்பே சீவிச் சாயமேற்றிய ஒரு கண்ணாடித் தகட்டில் பேனாவால் வட்டம் போட்டிருந்தார். அவள் தான் சீவிய துண்டுகளை அதோடு பொருத்திப் பார்த்து, அந்த இடத்தை மட்டும் சுரண்டி எடுத்து இயந்திரத்துக்கு அனுப்பினாள்.

முடிவு வந்தது. பழுது பார்க்கும் மரபணு நன்றாக இருந்தது. மற்ற மரபணுக்களிலும் எந்த மாற்றமும் இல்லை.

அப்படியானால் தாத்தாவுக்கு அந்த மாத்திரை இல்லை. அன்று காலையில் அவளுடைய மகள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னது அப்போது நினைவுக்கு வந்தது. வேன் முழுக்க அதுதான் பேச்சாம். "பட்டாணி டாக்டர்கிட்டயே கேட்டாளாம்மா, அதுக்கு அங்க யாரைத் தெரியும்னு!"

கண்ணைத் துடைத்தவள் அப்படியே நின்றாள். யாரையும் தெரியாத ஒன்று எலும்புவரை போயிருக்கிறது. ஒரு மாற்றமும் இல்லாத செல் எப்படிப் பக்கத்துக் கையை விட்டது?

கண்ணாடியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். டாக்டரம்மா வட்டத்தைப் பின்பக்கத்தில் போட்டிருந்தார். இவள் அதை முன்பக்கம் என்று நினைத்து வைத்ததில் இடது வலதாகிவிட்டது. சுரண்டியது முழுக்க நல்ல சதை.

நேரே போய்ச் சொன்னாள். "டாக்டரம்மா, தப்பு என்னோடது. கண்ணாடியைத் திருப்பி வச்சுட்டேன்."

டாக்டரம்மா கண்ணாடியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "ரிப்போர்ட் இன்னும் போகல. கடவுள் இருக்காரு. கட்டியில மிச்சம் இருக்கா?"

"கொஞ்சூண்டு."

"அப்ப நாளைக்குக் காலைல தெளிவா உக்காந்து பண்ணு."

"நாளைக்கு வரைக்கும் என்னால பொறுக்க முடியாது டாக்டரம்மா."

எல்லாரும் கிளம்பிப் போனார்கள். ஒரு சீவல் சுருண்டால்கூட மிச்சச் சதை போதாமல் போய்விடும். மூச்சைப் பிடித்துக்கொண்டு சீவும் கருவியின் சக்கரத்தைச் சுற்றினாள். சீவல்கள் ஒட்டிக்கொண்ட மெழுகு நாடா வெந்நீரில் மிதந்தது. குழந்தையின் முகம் துடைப்பதுபோல் அதைக் கண்ணாடியில் ஏந்தினாள். காயும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். இந்த முறை வட்டத்தை விரலால் தடவிப் பார்த்து, எந்தப் பக்கம் என்று உறுதிசெய்த பிறகே சுரண்டினாள்.

வீட்டுக்கு ஓடிவந்தபோது மதில்மேல் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மருமகன் வேனுக்குள் தூங்கிக்கொண்டிருந்தார்.

"மன்னிச்சுக்குங்க ஐயா, இந்த உடம்போட உங்களைக் காக்க வச்சுட்டேன். ஒரு வேலை, விட்டுட்டு வர முடியல."

"என்னம்மா பெரிய காத்திருப்பு! இன்னிக்கு ஒரு நாய்க்கு எங்க மருமகன் பேரை வச்சோம். அதுவும் ஓயாம தூங்குது." பிடித்துப் பிடித்து மதிலிலிருந்து இறங்கினார்.

சில நாள் கழித்து அவள் வீட்டு வாசலில் வேன் வந்து நின்றபோது பிள்ளைகள் எல்லாரும் காரணமே இல்லாமல் "பீப் பீப்" என்று கத்தினார்கள். தாத்தா ஜன்னல் வழியே ஒரு மாத்திரைப் பெட்டியை ஆட்டினார்.

"மெக்கானிக் கெட்டுப்போயிட்டானாம்மா! பிறவியில வந்ததா இருந்தா என் மகளுக்கும் இருக்கலாமாம், எதுக்கும் ரத்தத்துல பாத்துடலாமாம். டாக்டர் சொல்லி முடிக்கிறதுக்குள்ள என் மக ரத்தம் கொடுக்கச் சட்டைக் கையை மடிச்சுட்டா. யாரு புள்ள! ஆமா, உங்க இடத்துலதானே பாத்தாங்களாம்? பாத்தது யாருன்னு கேட்டுச் சொல்லுங்க, ஒரு கும்பிடு போடணும்."

"அங்க நிறைய பேர் இருக்காங்க ஐயா," என்று சொல்லி, மகளின் பையை வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் எல்லாருக்கும் முன்னால் ஆய்வகத்துக்குப் போனாள். சீவிச் சீவித் தேய்ந்த அந்த மெழுகுக் கட்டியை எடுத்து, சீவிய பக்கத்தில் மிச்சச் சதைமேல் காற்றுப் படாதபடி புது மெழுகு பூசி ஆறவிட்டாள். பிறகு அதன் இடத்தில் வைத்து, ஒரு நிமிடம் கைகூப்பி நின்றுவிட்டு, இழுப்பறையைச் சத்தமில்லாமல் மூடினாள்.