லேக்கர் படிந்த நிழல்

போன ஆடிப் பதினெட்டு முதல் கம்பத்துத் தச்சர் சீனிச்சாமியின் நிழல் பளபளக்கிறது. தரையில் விழுந்தாலும் சுவரில் விழுந்தாலும் புது பீரோக் கதவு மாதிரி மினுங்கும். எறும்புகள் அதன்மேல் ஏறிச் சறுக்கின. பஸ் ஸ்டாண்டில் இரண்டு பேர் குனிந்து அதில் முகம் பார்த்துத் தலை சீவிக்கொண்டார்கள். அவர் மனைவி பொன்னாத்தாள் சீயக்காய் போட்டுத் தேய்த்ததில் மினுக்கம் கூடியதுதான் மிச்சம்.

ஊருக்கு அது வேடிக்கை. இத்ரீஸுக்கு மட்டும் அது வேடிக்கை இல்லை. இருபத்தாறு வருஷமாகச் சீனிச்சாமி இழைக்கிற மரத்துக்கெல்லாம் மினுக்கம் ஏற லேக்கர் அடிப்பவர் அவர்தான். வேறு கை படக்கூடாது என்று இருவருக்கும் பேச்சு. ஸ்ப்ரே கன்னிலிருந்து கிளம்பும் புகை மரத்தில் பாதியும் ஊரில் பாதியுமாகப் படிவது உலக வழக்கம். இத்ரீஸிடம் அது நடக்காது. தரையில் தண்ணீர் தெளிப்பார். கீல், பூட்டு, கண்ணாடி எல்லாவற்றுக்கும் பேப்பர் ஒட்டுவார். கன்னில் காற்றைக் குறைத்து வைத்து, மரத்துக்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்து, விளிம்பு தாண்டியதும் விரலை எடுத்துவிடுவார். அதற்கும் முன்னால், கொட்டகைக்குள் யார் நிழலாவது நீட்டிக்கொண்டிருந்தால் ஆளோடு சேர்த்து வெளியே அனுப்புவார். மற்றதில் படிந்தால் தின்னர் வைத்துத் துடைக்கலாம். நிழலைத் துடைத்தால் நிழலே கரைந்துவிடும். சின்னமனூரில் ஒருத்தர் அப்படித் துடைத்து, இன்றைக்கும் நிழலுக்கு இடது கை இல்லாமல் திரிகிறார்.

ஆடி மாதம் மட்டும் இத்ரீஸ் கன்னைத் தொடமாட்டார். தகரத்தைப் பெயர்த்துக்கொண்டு போகிற காற்று லேக்கரை விட்டுவைக்குமா? ஏலத்தோட்டக்காரர் ஒருவர் வீட்டுக்குப் பன்னிரண்டு தேக்குக் கதவு தயாராக நின்றது. ஆவணி முதல் முகூர்த்தத்தில் பால் காய்ச்சுகிறார்கள். காற்று நிற்கட்டும் என்றார் இத்ரீஸ். சரி மாமா என்று தலையாட்டிய சீனிச்சாமி, மறுநாளே மரம் பார்க்க வருசநாடு போவதாகச் சொல்லிக் கிளம்பினார். கதவுகளும் கூடவே மரம் பார்க்கப் போயிருந்தன.

மூன்றாம் நாள் அவர் அந்த நிழலோடு வந்து நின்றார். இத்ரீஸ் குத்தவைத்து உட்கார்ந்து, அதை நகத்தால் சுரண்டி முகர்ந்தார். தன் லேக்கர் இல்லை. தோளில் வழிந்திருந்தது, இடுப்பில் சொரசொரப்பு, தலைப்பக்கம் பேருக்குத்தான் பட்டிருந்தது.

"எங்கன அடிச்ச மாப்ள?"

"தேனியில ஒருத்தர்ட்ட. தேதி நெருங்கிருச்சுல்ல மாமா. அவுக வெட்டவெளியிலயே வச்சு அடிச்சாக. நான் கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்."

இத்ரீஸ் எழுந்திருக்கவில்லை. வழிந்திருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போனதுதான் போன, என்னய விட நல்லா அடிக்கிறவன்கிட்டயாச்சும் போயிருக்கலாம்ல."

சீனிச்சாமி, மேலே மினுங்காத மேட் ஒரு கோட்டு அடித்து மினுக்கத்தையாவது அமத்திவிடச் சொல்லிக் கெஞ்சினார். இத்ரீஸ் நினைத்தால் அரை மணி வேலை. அது இத்ரீஸுக்கும் தெரியும்.

"அடுத்தவன் அடிச்சதுக்கு மேல நான் அடிக்கிறதில்ல" என்று சொல்லிவிட்டு அவர் கன்னைக் கழுவப் போனார்.

கதவுகள் போய்ச் சேர்ந்தன; பாலும் பொங்கியது. இப்போது சீனிச்சாமியின் மரமெல்லாம் தேனிக்குப் போகிறது. இத்ரீஸ் உத்தமபாளையத்துக்காரர் ஒருவரின் கட்டில்களுக்கு லேக்கர் அடிக்கிறார். சீனிச்சாமி எதிரே வந்தால், அந்த நிழலில் தன் முகம் தெரிகிறதென்று இவர் தெருவின் மறுபக்கம் ஒதுங்கிவிடுவார். வானம் மூடிய நாளில் சீனிச்சாமிக்கு நிழல் கிடையாது. அன்றைக்கு இருவரும் டீக்கடை பெஞ்சில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து பேத்திகளைப் பற்றி, மூட்டுவலியைப் பற்றி, முல்லையாற்றுத் தண்ணீரைப் பற்றிப் பேசுவார்கள். மரத்தைப் பற்றிப் பேசுவதில்லை. வெயில் எட்டிப் பார்த்தால் இத்ரீஸ் பாதி டீயோடு எழுந்துவிடுவார். கடைக்காரரும் மேகத்தைப் பார்த்துத்தான் அவருக்கு டீ ஊற்றுகிறார். இந்த ஐப்பசியில் ஒன்பது நாள் பேசியிருக்கிறார்கள்.