கழுத்தில் சுற்றிய பட்டு

சம்பந்தி வருகிறாளே என்று பஜ்ஜியும் கேசரியுமாக நான் அடுப்படியில் வெந்துகொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் பத்ரியோ பூஜை அறையில் ஸ்பாட்லைட் மாட்டிக்கொண்டிருந்தார். எங்கள் பெண் அனன்யா கட்டிக்கொள்ள ஆசைப்படும் ரித்தி, கம்போடியாக்காரப் பையன். அவன் அம்மா சோபியாப் இன்றுதான் முதல்முறையாக லிவர்மோருக்கு, எங்கள் வீட்டுக்கு வருகிறாள். அவள் சரியென்றால்தான் கல்யாணம் என்று அவன் தீர்த்துச் சொல்லிவிட்டான்.

ஸ்பாட்லைட் எதற்கு? போன மாதம் இவர் ஏலத்தில் எடுத்த விஷ்ணு தலைக்கு. கம்போடியாவின் பழைய கெமர் ராஜ்ஜியத்துக் கல். உயரமாக உருளைக் கிரீடம், உதட்டில் லேசான சிரிப்பு, கழுத்தோடு சரி.

"பின்னமானதைப் பூஜையில வெக்கப்படாதுன்னா."

"சும்மா இருடி. அந்த மாமி பார்த்து அசந்துபோயிடுவா!"

வெட்டுத் தெரியாமலிருக்க என் பழைய பட்டுப்புடவையைக் கிழித்துக் காலையில் கழுத்தில் சுற்றினேன். நாமமும் இட்டேன். என்ன புத்தியோ எனக்கு!

சோபியாப் வந்தாள். கேசரியை இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். எனக்கு அப்பாடா என்றிருந்தது. இந்த மனுஷர் விட்டாரா? பூஜை அறைக்கு அழைத்துப் போய், "எல்லாம் எங்க பல்லவா ஸ்டைல். உங்க ஆட்களுக்குச் சிலை செதுக்கக் கத்துக்குடுத்ததே நாங்கதான்," என்று இங்கிலீஷில் அளந்தார்.

"அப்பா, ப்ளீஸ் ஸ்டாப்!" என்று அனன்யா பல்லைக் கடித்தாள்.

சோபியாப் மண்டியிட்டுக் கைகூப்பினாள். பிறகு பட்டை மெல்ல விலக்கினாள். அடியில் ரம்பம் ஓடிய கோடுகள் வெளுப்பாகத் தெரிந்தன.

"இவரோட உடம்பு எங்கே?" என்று கேட்டாள்.

பத்ரி தொண்டையைச் செருமினார். "வேணும்னா இதையே கல்யாணத்துக்கு உங்களுக்கு கிஃப்ட்டா குடுத்துடறேன்."

அவர்கள் சாமியை அவர்களுக்கே கிஃப்ட் கொடுக்கிறாராம்!

அவள் அவரைப் பார்க்கவேயில்லை. என்னிடம் திரும்பி, குரலை உயர்த்தாமல் கேட்டாள்: "உங்க ஊர்க் கோயில் சாமியோட தலையை யாரோ அறுத்து, அது என் வீட்ல இருந்தா, அந்த வீட்டுக்கு உங்க பொண்ணைக் குடுப்பீங்களா?"

சமாளித்துப் பேச எனக்குத் தெரியாதா? ஆனால் அந்த ரம்பக் கோடுகளைத்தான் பார்த்தேன். அனன்யா என் முகத்தையே பார்த்தாள்.

"மாட்டேன்," என்றேன்.

அனன்யா சுவரில் சாய்ந்து அழ ஆரம்பித்தாள். கிட்டே போய் அவளைத் தொடக்கூட எனக்கு முகம் இல்லை.