தாள் உரியாத ஸ்டீரியோ

லிஃப்ட் மெக்கானிக்கின் வீட்டில் கைப்பிடி வைத்த பழைய கேசட் ஸ்டீரியோக்கள் பதினேழு இருந்தன. பாடுபவை நான்கு. மீதியை "வேலைவெட்டி இல்லாத கொழுந்தன்மாரு" என்பாள் மனைவி.

பதினெட்டாவதாக வந்தது வேறு ரகம். நாற்பது வருடமாக அட்டைப்பெட்டியை விட்டு வெளியே வராதது. முகப்பில் கம்பெனி ஒட்டிய பிளாஸ்டிக் தாள் அப்படியே இருந்தது. சேகரிப்பவர்களிடம் அந்தத் தாளுக்குத்தான் மரியாதை. செட் பாடுமா என்று ஒருவரும் கேட்பதில்லை. அதைக் கொடுத்தால் தன்னுடைய சிவப்பு இரட்டைக் கேசட் செட்டைத் தருவதாக ஒரு பல் டாக்டர் சொல்லியிருந்தார். மெக்கானிக் பதினோரு வருடமாகத் தேடி அலைந்த செட் அது. டாக்டர் பத்து மணிக்கு வருகிறார்.

ஒன்பது மணிக்கே செட்டை மேசைமேல் வைத்துக் காவல் உட்கார்ந்தான்.

"ஏங்க என்னையே முறைக்கிறீங்க?"

"டிவி ரிமோட் கவரை உரிச்சது யாரு?"

"அது ரிமோட்டு. இது உங்க சின்ன வீடு. நான் எதுக்குத் தொடப்போறேன்?"

அவள் வேலைக்குக் கிளம்பினாள். உரிக்கிற கை போயாச்சு என்று நிமிர்ந்தபோதுதான் பார்த்தான். இடது மூலையில் தாள் கடுகளவு தூக்கியிருந்தது.

கட்டைவிரலால் அழுத்தினான். படிந்தது. எடுத்ததும் எழுந்தது. நகத்தால் நீவினான். நகம் உள்ளே போய்விட்டது.

சர்ர்ர்.

அந்த வீட்டில் எந்த செட்டும் அவ்வளவு சுகமாகப் பாடியதில்லை. பாதியில் நிறுத்துவது பாவமென்று மீதியையும் உரித்தான். அப்புறம்தான் டாக்டர் ஞாபகம் வந்தது. திரும்ப ஒட்டினான். அம்மை போட்டதுபோல் குமிழ் குமிழாக நின்றது. அழைப்பு மணி அடித்தது.

டாக்டர் ஒரு பார்வைதான் பார்த்தார்.

"யாருய்யா உரிச்சது?"

மனைவியின் பேர் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினான். "நான்தான் டாக்டர்."

"எப்படி இருந்துச்சு?"

"எது?"

"உரிச்சப்ப. ஒரே இழுப்பா வந்துச்சா?"

"ஒரே இழுப்பு."

டாக்டர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "படுபாவி! அதுக்காகத்தான்யா ரெண்டு மணி நேரம் வண்டி ஓட்டிட்டு வந்தேன்."

மெக்கானிக் அவசரமாக செட்டைத் துழாவினான். கேசட் மூடியின் கண்ணாடிமேல் தனியாக இன்னொரு தாள், தீப்பெட்டி அளவு.

"இது இருக்கு டாக்டர். தொடவே இல்லை."

டாக்டர் எழுந்துபோய்ச் சிங்க்கில் கை கழுவினார். விரல் விரலாகத் துடைத்தார்.

"சிவப்பு செட்டு?" என்றான் மெக்கானிக்.

"கார்ல இருக்கு, எடுத்துக்க. கதவைச் சாத்திட்டுப் போ. நான் கூப்பிடுற வரைக்கும் உள்ளே வராதே."

சிவப்பு செட்டை மார்போடு அணைத்துக்கொண்டு மெக்கானிக் தன் வீட்டு வாசலிலேயே அந்நியனாக நின்றான். உள்ளே குட்டியாக ஒரு சர்.

"ச்சே," என்றது டாக்டரின் குரல். "அதுக்குள்ள முடிஞ்சிருச்சே."