நிலைக்கால் கோடுகள்

இங்கோரா ஊரில் நல்ல கதவு வேண்டும் என்றால் எசாபுவிடம்தான் போவார்கள். அவன் வீட்டுக் கதவோ சரியாகச் சாத்தாது. தச்சன் வீட்டு லட்சணத்தைப் பார் என்று ஊர் சிரிக்கும். காரணம் தெரிந்தவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

குடியை விடும் ஒவ்வொரு முறையும் நாளுக்கு ஒரு கோடாக நிலைக்காலில் பென்சிலால் கிழிப்பான். வழுக்கி விழுந்ததும் இழைப்புளியை எடுத்துக் கோடுகளைச் சீவித் தள்ளிவிட்டு, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவான். நாலு முறை சீவியாகிவிட்டது. மரம் மெலிந்து கதவுக்கும் நிலைக்கும் நடுவே விரல் நுழையும் சந்து விழுந்திருந்தது.

ஐந்தாவது முறை அவன் மனைவி அக்குருட் வைத்த கெடு. மகள் அமுகேயைக் கூட்டிக்கொண்டு தன் அப்பன் வீட்டுக்குப் போய்விட்டாள். நூறு நாள் தொடாமல் இருந்தால் திரும்பி வருவேன், இல்லையென்றால் இனி அந்தப் பேச்சே வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருந்தாள். குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு என்று அவள் அண்ணன்மார் எகத்தாளம் செய்தார்கள். எசாபு பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தான். அந்தி சாய்ந்ததும் வாய் ஊறும். அப்போது எழுந்துபோய்க் கோடுகளைத் தடவிப் பார்ப்பான். தொண்ணூற்றைந்து வரை வந்துவிட்டான்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. தொண்ணூற்றாறாம் நாள் விடியலில் அவன் அப்பா கண்ணை மூடினார்.

அன்றைய கோட்டைக் கிழித்துவிட்டுத்தான் சாவுச் செய்தி சொல்லப் போனான். மாமனார் சாவுக்கு அக்குருட் வந்தாள். வந்ததும் அமுகே நிலைக்கால் அருகே நின்று ஒவ்வொரு கோடாகத் தொட்டு எண்ணினாள். "இன்னும் நாலுதான்ப்பா" என்றாள்.

குழி தோண்ட வந்தது இகுனேயும் அவர் கூட்டமும்தான். ஒரு காலத்தில் எசாபுவும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். ஒரே பானையைச் சுற்றி உட்கார்ந்து நீளக் குழல் போட்டுக் கேழ்வரகுக் கள் உறிஞ்சியவன். ஒன்றாய்க் குடிப்பவர்கள்தான் ஒருவர் வீட்டுச் சாவுக்கு ஒருவர் குழி தோண்டுவார்கள். அவன் விட்டுப் போனவன் என்று தெரிந்தும், கூப்பிடாமலே மண்வெட்டியோடு வந்து உச்சி வெயிலில் தோண்டினார்கள்.

அடக்கம் முடிந்ததும் வேப்பமரத்தடியில் கள் பானை வைத்தார்கள். அதிலுள்ள புளித்த கேழ்வரகு மாவின்மேல் சுடுதண்ணீர் ஊற்ற ஊற்றத்தான் கள் ஊறும். மருமகள் என்ற முறையில் அக்குருட்தான் சுடுதண்ணீர் ஊற்ற வேண்டும், ஊற்றினாள். வீட்டுக்காரன் முதல் வாய் குடித்துக் காட்ட வேண்டும். காட்டாத பானையில் விஷம் இருக்கும் என்பது பழைய பயம். எசாபு ஒரே மகன். அவனுக்குப் பதில் வாய் வைக்க ஆள் கிடையாது.

குழலை வாயில் வைத்தான், உறிஞ்சவில்லை. அவ்வளவுதான், தப்பித்தோம் என்று நினைத்தான்.

"தொண்டை அசையலையேடா தம்பி" என்றார் இகுனே. குரலில் கோபம் இல்லை.

"அண்ணே, உங்களுக்குத் தெரியாததா? இன்னும் நாலே நாள்."

"தெரியும்டா. எனக்காகக் கேக்கல. உங்கப்பனுக்குக் குழி தோண்டின கை இது. இவனுங்க சந்தேகத்தோட எந்திரிச்சுப் போனா, நாளைக்கு உன் வாசல எவன் மிதிப்பான்? ஒரே ஒரு வாய்."

கெட்ட மனிதர் சொன்னால் உதறிவிடலாம். எசாபு அக்குருட்டைப் பார்த்தான். அவள் கெட்டிலைப் பிடித்தபடி தரையைப் பார்த்தாள். அவன் விழுங்கினான்.

வெதுவெதுப்பாக, புளிப்பாக இறங்கியது. அப்பா செத்த துக்கம் காலையிலிருந்து நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்தது, அது கொஞ்சம் வழிவிட்டது. அதுதான் கொடுமை. ஆட்கள் தலையசைத்துத் தங்கள் குழல்களைப் போட்டார்கள். இரண்டாவது வாயை அவனிடம் யாரும் கேட்கவில்லை. அவனாகத்தான் குனிந்தான்.

பானை வற்ற வற்ற அக்குருட் சுடுதண்ணீர் ஊற்றினாள். முறை ஆயிற்றே, ஊற்றாமல் இருக்க முடியாது. ஐந்தாவது முறை ஊற்றிவிட்டுக் கெட்டிலைக் கீழே வைத்தாள்.

"மொத வாய் மாமாவுக்காக. அதுக்கு நான் ஒண்ணும் சொல்லல" என்றாள். "அப்புறம் குடிச்சதெல்லாம் யாருக்காக?"

அவன் வாயில் குழல் இருந்தது. அமுகேயின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் பொழுதோடு நடந்துவிட்டாள். குழந்தை மட்டும் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தது.

மறுநாள் காலை எசாபு இழைப்புளியை எடுத்தான். இரண்டு இடத்தில் வெட்டு ஆழமாக விழுந்துவிட்டது. தொண்ணூற்றாறு கோடும் சீவல் சீவலாகச் சுருண்டு காலடியில் விழுந்தன. கதவைச் சாத்திப் பார்த்தான். இப்போது கொக்கிகூட எட்டவில்லை.

காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தான். யாருக்காக என்று அவள் கேட்டது காதிலேயே நின்றது. திரும்பி வருவதாக அவள் சொல்லவில்லை. நூறு கிழித்தாலும் எண்ணிப் பார்க்க இனி யாரும் இல்லை.

ஒரு கோடு கிழித்தான். நிலைக்காலில் இன்னும் இரண்டு விரல் கனத்துக்கு மரம் மிச்சம் இருந்தது.