சைக்கிள் ஷெட்டில் நிற்கும் மொழிகள்

ஒன்பதாம் வகுப்பில் சம்யுக்தா தமிழை விட்டுவிட்டு பிரெஞ்சு எடுத்த நாளிலிருந்து அந்த வீட்டில் பிரெஞ்சு குடியிருந்தார். ஒல்லியான ஆள். பழுப்புக் கோட்டு போட்டிருப்பார். கோயமுத்தூர் சித்திரை வெயிலிலும் அதைக் கழற்றியதில்லை. பெரும்பாலும் வாஷிங் மெஷின் மேல் உட்கார்ந்திருப்பார். துணி துவைக்கும்போது மட்டும் இறங்கி நிற்பார்.

சம்யுக்தாவுக்கு அவரைக் கண்டாலே ஆகாது. தினமும் காலையில் அவர் ஏதோ ஒரு கேள்வி கேட்பார். ஒரே கேள்விதான். அது அவளுக்குப் புரிந்ததே இல்லை. மனப்பாடம் செய்து வைத்திருந்த 'என் குடும்பம்' கட்டுரையை ஒப்பிப்பாள். கட்டுரையில் அவள் அப்பா பாரிஸில் டாக்டர். வீட்டில் ஒரு வெள்ளைப் பூனை. உண்மையில் அப்பா கணபதியில் மோட்டார் பம்ப் கடை வைத்திருந்தார். பூனை என்ற பேச்சே கிடையாது. பிரெஞ்சு பெருமூச்சு விட்டு நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு போடுவார்.

பதினொன்றாம் வகுப்பின் முதல் நாள் வந்தது. பிரெஞ்சைத் தொடர்வதா விடுவதா என்று அன்று மாலை மணியடிப்பதற்குள் முடிவு செய்ய வேண்டும்.

"விட்டுரட்டுங்களாப்பா?"

"என்ன கண்ணு பேசற?" என்றார் அப்பா. "தமிழ்ல எவன் தொண்ணூத்தெட்டு போடுவான்? அவரு பாட்டுக்கு ஓரமா உக்காந்திருக்காரு. உனக்கென்ன எடஞ்சல்?"

"ஒண்ணுமே புரியலப்பா."

"மார்க்கு புரியுதல்ல?"

சம்யுக்தாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தட்டைத் தள்ளி வைத்தாள். அம்மா அதிலிருந்த இட்லியை எடுத்து பிரெஞ்சுக்கு வைத்தாள்.

"போறவரு வயிறார சாப்பிட்டுட்டே போகட்டும்," என்றாள்.

பள்ளிக்குப் போகும் டவுன் பஸ்ஸில் கண்டக்டர் பிரெஞ்சுக்கு மட்டும் டிக்கெட் கிழித்தார்.

பிள்ளைகள் விட்டுவிடும் மொழிகளைப் பள்ளியின் சைக்கிள் ஷெட்டில்தான் நிறுத்துவார்கள். நடக்க நடக்க ஷெட் நீண்டுகொண்டே போனது. இந்திகள் கும்பலாக நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு சமஸ்கிருதம் தூணில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

கடைசியில் சம்யுக்தாவின் தமிழ் நின்றிருந்தாள். எட்டாம் வகுப்புச் சீருடை, ரெட்டைச் சடை. விட்டுப்போன அன்று இருந்த அதே உயரம். இவளைக் கூட்டிக்கொண்டு போய்விட வேண்டியதுதான் என்று சம்யுக்தா அந்த நிமிடமே முடிவு செய்தாள்.

"சாப்டியா?" என்று கேட்டாள் தமிழ்.

சம்யுக்தா வாயைத் திறந்தாள். அப்பா பாரிஸில் டாக்டர் என்று பிரெஞ்சில் வந்தது. நிறுத்தப் பார்த்தாள். வெள்ளைப் பூனை வந்தது. பூனையின் பெயரும் வந்தது.

"பாப்பா சாப்புடலீங்க," என்றார் பிரெஞ்சு. "இட்லிய எனக்கு வெச்சுட்டாங்க. ரெண்டு வருசமா நானும் தெனமும் இதையேதான் கேக்கறேன். பூனையப் பத்தியே சொல்லுது."

"எங்கம்மா இட்லியா?" என்றாள் தமிழ். "வாங்க, வீட்டுக்குப் போலாம்."

ஷெட்டைப் பூட்ட பிரெஞ்சு டீச்சர் ஜோஸ்லின் மிஸ் சாவிக்கொத்தோடு வந்தார்.

"யாரு போறீங்க, யாரு இருக்கீங்க?"

"நாங்க ரெண்டு பேரும் போறோம் மிஸ்," என்றாள் தமிழ்.

"அப்ப இது?"

நானும் வருகிறேன் என்று சொல்ல வேண்டும். பசிக்கிறது என்று சொல்ல வேண்டும். சம்யுக்தா அழுதுகொண்டே கட்டுரையை முதலிலிருந்து ஒப்பித்தாள். மிஸ் கடைசி வரி வரை பொறுமையாகக் கேட்டார்.

"தொண்ணூத்தெட்டு," என்று சொல்லி, அவளை உள்ளே விட்டு ஷெட்டைப் பூட்டினார்.

மணியடித்தது. தமிழும் பிரெஞ்சும் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார்கள். கேட்டைத் தாண்டியதும் பிரெஞ்சு கோட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டார்.