அறுபத்து நான்கு கட்டத் தோட்டம்

அட்டன் சதுரங்கக் கழகம் தொடங்கிய மழைக்காலத்திலேயே அதன் பலகையில் தேயிலை முளைத்தது. முதலில் வெள்ளை ராணியின் கட்டத்தில் ஒரு செடி, மறுவாரம் கறுப்புக் குதிரையின் காலடியில் இன்னொன்று. கழகம் என்று பெரிதாகச் சொன்னாலும் அது விஜிதரனின் சலூனுக்குப் பின்னால் இருந்த அறைதான். டிக்கோயாப் பக்கத்துத் தோட்டப் பிள்ளைகள் அங்கே வந்து விளையாடினார்கள். அவர்களில் சுலக்ஷனாவை மட்டும் யாராலும் வெல்ல முடியவில்லை. மாவட்டப் போட்டியில் ஜெயித்தால் கொழும்பில் ஒரு பள்ளிக்கூடம் விடுதியோடு இடம் தருவதாகச் சொல்லியிருந்தது. மகள் கொழுந்துக் கூடை தூக்காமல் தப்பிக்க இதை விட்டால் வேறு வழியில்லை என்று அவளுடைய அம்மா பூரணி நம்பினாள்.

செடியைப் பிடுங்கிப் போட்டிருக்கலாம். வேறு ஊர்க்காரர்கள் அதைத்தான் செய்திருப்பார்கள். இவர்களோ தேயிலையைப் பிடுங்கினால் வேலை போய்விடும் என்று பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள். யாருக்கும் கை வரவில்லை. செடிகளுக்கு இடையே காய் நகர்த்தப் பழகிக்கொண்டார்கள்.

பிழை பூரணியிடம் நேர்ந்தது. ஒருநாள் அறையைக் கூட்ட வந்தவள், கை பழக்கத்தில் பலகையிலிருந்த கொழுந்தைக் கிள்ளிக் கூடையில் போட்டுவிட்டாள். அது அன்று பின்னேரம் மற்றக் கொழுந்தோடு தோட்டத்துத் தராசில் ஏறியது. அந்தத் தராசில் நிறுத்த கொழுந்து எங்கே விளைந்ததோ அது தோட்டத்து நிலம். மறுநாளே தோட்டத்துக் கணக்கப்பிள்ளை வந்து பலகையை அளந்தார். தேயிலை மலைகளுக்கு இடுவதுபோல் அதன் ஓரத்திலும் பெயின்ட்டால் ஓர் இலக்கம் எழுதினார். இனி கொழுந்து பறித்த பிறகுதான் காய் நகர்த்தலாம் என்றார். மனுஷர் கெட்டவர் அல்ல. விஜிதரன் கொடுத்த பிளேன்டீயைக் குடித்துவிட்டுத்தான் போனார்.

"ஒரு பலகைதானுங்களே ஐயா," என்றாள் பூரணி.

"தேயில நிக்கிற எடம் தோட்டம்தாம்மா. நான் என்னா செய்யிறது?"

கொழும்பிலிருந்து புதுப் பலகை வாங்கிவந்தார்கள். திரும்பும் வழியில் பஸ் கினிகத்தேனையைத் தாண்டுவதற்குள் அதிலும் துளிர் விட்டிருந்தது. நுவரெலியாவில் நடந்த மாவட்டப் போட்டியில் சுலக்ஷனா உட்கார்ந்த மேசையில் மட்டும் செடிகள் எழுந்து நின்றன. எதிரே இருந்த பெண்ணின் முகமே தெரியவில்லை. ஒவ்வொரு நகர்த்தலுக்கும் முன்னால் சுலக்ஷனா கொழுந்து கிள்ளினாள். கிள்ளக் கிள்ளத் துளிர்த்தது. இன்னும் ஒரே நகர்த்தலில் கறுப்பு ராஜா விழுந்திருப்பார். அதற்குள் அவளுடைய கடிகாரத்தில் நேரம் தீர்ந்துவிட்டது.

தோட்டத்து லொறி வந்து அந்தப் பலகையையும் காய் கலையாமல் ஏற்றிக்கொண்டு போய்ச் சலூன் அறையில் வைத்தது. திங்கட்கிழமை காலைப் பெரட்டில் வேலைக்கு ஆள் பிரித்தபோது, கணக்கப்பிள்ளை சுலக்ஷனாவின் பெயரைக் கூப்பிட்டார்.

"இருக்கேங்க," என்றாள் அவள். பூரணி தலை நிமிரவில்லை.

கழகம் இன்னும் இருக்கிறது. செடிகளைக் கவ்வாத்து வெட்டிக் குட்டையாக்கும் மாதத்தில் விரும்பியவர்கள் வந்து விளையாடலாம், நுவரெலியாவிலிருந்து வந்த அந்த ஒரு பலகையைத் தவிர. அதில் கறுப்பு ராஜா நின்ற இடத்திலேயே நிற்கிறார். அவரைத் தட்டிவிடாமல் சுற்றிப் பறிக்கச் சுலக்ஷனா பழகிவிட்டாள். இந்த வருடம் அங்கே கொழுந்து நன்றாக வருகிறது.