கேட்டுக்கு முன்னால் ஒரு மாத்திரை

கும்மிடிப்பூண்டி கம்பிக் கம்பெனிகளில் அந்தக் கொரோனா வருஷம் ஒரு பழக்கம் பரவியது. நோயைவிட வேகமாகப் பரவியது என்றே சொல்லலாம். உடம்பு கொஞ்சம் கதகதவென்றால் போதும், ஷிப்டுக்குப் போகிறவன் டீக்கடையோரம் நின்று ஒரு பாராசிட்டமாலை முழுங்கிவிடுவான். அப்புறம் கேட்டில் நெற்றிக்கு நேரே காய்ச்சல் மெஷினை நீட்டினால் அது வாயே திறக்காது. மாட்டிக்கொண்டால் காண்டிராக்ட் ஆளுக்கு அன்றைக்கு வேலை அம்பேல்.

பாஸ்கர் அதில் கைதேர்ந்தவன். பொன்னேரி ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிற ரூம் வாசலில் அதே மெஷினைப் பார்த்ததும், சட்டைப்பையில் கிடந்த மாத்திரையை யோசிக்காமலே வாயில் போட்டுக்கொண்டான். சரியான முட்டாள்தனம். ஆனால் அவன் மனசு மாடியில் இருந்தது. அங்கே தங்கச்சி நர்மதா குழந்தை பெற்று, ரத்தப்போக்கு நிற்காமல் கிடந்தாள். ஓ நெகட்டிவ். ரத்ததான முகாமெல்லாம் நின்றுபோனதால் அந்த வகையில் இருந்ததே ஒரு பை. அதுவும் ஏறிக்கொண்டிருந்தது. வீட்டில் அந்த ரத்தம் அவளுக்கும் அவனுக்கும் மட்டும்தான்.

"காய்ச்சல், இருமல், தொண்டவலி எதுனா இருந்துச்சா?" என்று கேட்டாள் நர்ஸ் சத்யா. இரண்டு மாஸ்க், அதன்மேல் கண்ணாடித் திரை. குரல் மட்டும்தான் மனுஷக் குரலாக இருந்தது.

"இல்ல சிஸ்டர்."

மெஷினும் இல்லை என்றது. நாற்காலியில் உட்காரவைத்து, புஜத்தில் ரப்பர் பட்டையை இறுக்கினாள். பாஸ்கருக்கு நேற்றிலிருந்தே தொண்டை கரகரத்தது. காலையில் டீ வெறும் சுடுதண்ணியாக இருந்தது, வாசனையே இல்லை. எல்லாம் தெரிந்துதான் உட்கார்ந்திருந்தான். எவன் எக்கேடு கெட்டால் என்ன, தங்கச்சி பிழைக்கட்டும்.

"பயப்படாத. மூஞ்ச அந்தாண்ட திருப்பிக்கோ," என்றாள் சத்யா. "மூணு பேர் இருந்தோம் இங்க. ஒருத்திக்குக் கொரோனா வந்து படுத்துட்டா. நாங்க ரெண்டு பேரும் படுத்துட்டோம்னா ரூமையே பூட்டிடுவாங்க. அப்புறம் ரத்தம்னு வர்றவங்க எங்க போவாங்க சொல்லு?"

பேச்சுவாக்கில்தான் சொன்னாள். ஊசி தோலுக்குக் கிட்டே வந்தபோது கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

"சிஸ்டர், வேணாம். மாத்திர போட்டுக்கினு வந்தேன். எனக்கு ஜுரம்."

சத்யா சுவர்வரைக்கும் பின்வாங்கினாள். "அறிவிருக்காய்யா உனக்கு? இது ரத்தம் வழியாப் பரவும்னு யாரும் சொல்லல. ஆனா உன் மூச்சு எங்க மேல படுதுல்ல? ஜுரத்தோட ரத்தம் குடுத்தா உன் ஒடம்பு தாங்குமா? வெளிய போ. மரத்தாண்ட நின்னு வேற ஆளக் கூப்டு. சீக்கிரம்!"

வெளியே வந்து குணாவுக்குப் போன் போட்டான். கூட வேலை செய்கிறவன், எல்லாருடைய அடையாள அட்டையிலும் என்ன ரத்தம் என்று போட்டிருக்கிறது என்பது அவனுக்கு அத்துப்படி. நம்ம ஷிப்டில் ரெண்டு பேர் இருக்காங்க, இப்பவே அனுப்புறேன் என்றான்.

"மாத்திர போட்டாங்களா?"

"இன்னாடா புதுசா கேக்குற? எல்லாருந்தான் போட்டோம்." அப்ப அவங்க வேணாம், யாருக்கு ஜுரம்னே தெரியாது என்றான் பாஸ்கர். குணா கொஞ்சம் இழுத்தான். "அப்பாவு அண்ணன் இருக்காரு. அவரும் ஓ நெகட்டிவ்தான். ஆனா எந்த மூஞ்ச வச்சிக்கினு கேப்ப?"

அப்பாவு கேட் வாட்ச்மேன். மாத்திரைத் தந்திரத்தை முதலில் பிடித்தவர் அவர்தான். கண் சிவந்து வந்தவனை மாத்திரை வேகம் குறைகிறவரை பெஞ்சில் உட்காரவைத்து, மறுபடி மெஷினைப் பிடிப்பார். பையன்கள் காண்டிராக்டரிடம் போய்க் கத்தினார்கள். முன்னால் நின்று கத்தியவன் பாஸ்கர். போன மாதம் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

வெட்கத்தை விட்டுப் போன் போட்டான். ஒன்றையும் மறைக்காமல் சொன்னான்.

"எனக்கு ஜுரம் கிரம் ஒண்ணும் இல்ல," என்றார் அப்பாவு. "வேலதான் இல்லியே, எங்க போறேன்? சோழவரத்துல ஊட்டுக்குள்ளயே கெடக்குறேன். ஒரு ஈ காக்கா எட்டிப் பாக்கல. வரேன், வை."

மாடியிலிருந்து நர்மதாவின் புருஷன் போனில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். "மச்சான், இன்னும் எடுக்கலியா? டாக்டர் கேக்குறாங்க மச்சான்." பாஸ்கர் மரத்தைச் சுற்றினான், கேட்டைப் பார்த்தான், மறுபடி சுற்றினான். வழியில் போலீஸ் நிறுத்தியிருந்தால்? மனசு மாறித் திரும்பிப் போயிருந்தால்? அவன் செய்த காரியத்துக்கு அவர் வராமல் போனாலும் தப்பு சொல்ல முடியாது.

பழைய மொபெட் ஒன்று வந்து நின்றது. அப்பாவு அவனை ஏறெடுத்தும் பார்க்காமல் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனார். சத்யா கேட்ட கேள்விக்கெல்லாம் அவர் நிதானமாகப் பதில் சொல்வது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. பை நிறைந்தது. அவசரச் சோதனைகள் முடிந்து மாடிக்குப் போனது. பாஸ்கருக்குப் பாதி உயிர் போன பிறகுதான் போன் அடித்தது.

"நின்னுடுச்சு மச்சான். கண்ணு முழிச்சிட்டா. அண்ணன் எங்கன்னு கேக்குறா."

முழங்கையில் ஒட்டிய பஞ்சோடு, சேதி தெரியட்டும் என்று உள்ளேயே உட்கார்ந்திருந்த அப்பாவு வெளியே வந்தார். பாஸ்கர் அவர் காலில் விழ ஓடினான்.

"அங்கயே நில்லு!"

கம்பெனி கேட்டில் கேட்ட அதே குரல். பாஸ்கர் நின்றான்.

"இதத்தானடா அன்னைக்கும் சொன்னேன்," என்றார் அப்பாவு. குரல் உடைந்துவிட்டது. "கிட்ட வராதன்னுதான சொன்னேன்? வேற இன்னா சொன்னேன் நானு?"

அவர் வண்டியை உதைத்துக் கிளப்பிப் போகும்வரை, அழுதபடி, நிற்கச் சொன்ன இடத்திலேயே நின்றான்.